நெல்லும் உப்பும் நாணயமும்
ஊருக்கு ஊர் சம்பளம் ஏன் மாறுகிறது?



ஒரே படிப்பு, ஒரே பதவி, ஒரே பொறுப்பு. ஒருவர் ஜெனீவாவில் பணிபுரிகிறார். இன்னொருவர் டாக்காவில் பணிபுரிகிறார். இருவருக்கும் ஒரே தொகையைச் சம்பளமாகக் கொடுப்பது நீதியா? வெவ்வேறு தொகை கொடுப்பது நீதியா?

'ஒரே வேலைக்கு ஒரே கூலி' என்பதே நீதி என்று நாம் உடனே கூறிவிடுவோம். ஆனால் ஜெனீவாவில் ஒரு மாத வீட்டு வாடகைக்குச் செலவாகும் பணத்தில், டாக்காவில் ஒரு குடும்பம் பல மாதங்கள் வாழ்ந்துவிட முடியும். தொகை ஒன்றாக இருந்தால் வாழ்க்கை வேறாகிவிடுகிறது. வாழ்க்கை ஒன்றாக இருக்க வேண்டுமெனில் தொகை வேறாக வேண்டும். இந்தச் சிக்கலை உலகின் பெரிய நிறுவனங்கள் எவ்வாறு தீர்க்கின்றன என்பதையும், அத்தீர்வு நம்மவர்க்கு எட்டுகிறதா என்பதையும் சற்றே சிந்திப்போம்.

களத்துமேட்டில் இருந்த கணக்கு

திருநெல்வேலிக்கும் திருச்செந்தூருக்கும் இடையே, தாமிரபரணியின் தென்கரையில் இருக்கிறது ஆழ்வார்திருநகரி. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டி வரும் நீரில் நெல்லும் வாழையும் விளையும் பூமி. இரயிலேறித் திருச்செந்தூர் நோக்கிச் சென்றால் சிறிது நேரத்தில் ஆறுமுகநேரியின் உப்பளங்கள் கண்ணில் படும். அடுத்து காயல்பட்டினம் வந்துவிடும். 'சம்பளம்' என்னும் சொல்லே சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்து பிறந்தது என விளக்கம் கூறுவோர் உண்டு. அவ்விளக்கத்திற்கு இதைவிடப் பொருத்தமான நிலப்பரப்பைக் காண்பது அரிது.

இப்பகுதியில் அறுவடைக் கூலியை நெல்லாகவே அளந்து கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அதைக் 'கொத்து' என்பார்கள். மரக்காலால் அளந்து வாங்கிய நெல்லுக்கு ஒரு சிறப்பு உண்டு. சந்தையில் நெல் விலை இரு மடங்கானாலும், அறுவடை செய்தவரின் வீட்டுப் பானையில் சோறு குறைவதில்லை. விலை ஏறினால் அவருடைய கூலியின் மதிப்பும் கூடவே ஏறிவிடுகிறது. எந்த ஆணையமும், எந்தப் புள்ளிவிவரமும் தேவைப்படாமல் கூலி தானாகவே விலைவாசிக்குச் சரிக்கட்டப்பட்டது.

கூலி நாணயமாக மாறிய அன்று இந்தப் பாதுகாப்பு நீங்கிற்று. பத்து ரூபாய் என்றால் பத்து ரூபாய்தான். அது எவ்வளவு அரிசி வாங்கும் என்பதை ஊரும் காலமும் தீர்மானிக்கத் தொடங்கின. அன்று தொட்டு எழுந்த கேள்வி இதுதான்: விலை ஏறும்போது யாருடைய சம்பளம் சரிக்கட்டப்படும்? யாருடைய சம்பளம் அப்படியே விடப்படும்?

ஆட்சியாளர்கள் தமக்குச் செய்துகொண்டது

இக்கேள்விக்கு ஆங்கிலேயர் ஆட்சி அளித்த விடை நினைவுகூரத் தக்கது. இந்தியாவில் பணியாற்றிய வெள்ளை அதிகாரிகளுக்குச் சம்பளம் ரூபாயில். அவர்களுடைய குடும்பச் செலவும் பிள்ளைகளின் கல்விச் செலவும் பெரும்பாலும் இங்கிலாந்தில், பவுனில். வெள்ளியின் விலை சரிந்ததால் ரூபாயின் மதிப்பும் சரிந்தது. ஒரு காலத்தில் ஏறத்தாழ 2 ஷில்லிங் பெற்ற ரூபாய், 1890களின் தொடக்கத்தில் 1 ஷில்லிங் 3 பென்ஸ் அளவுக்கு இறங்கிவிட்டது.

1893இல் அரசு இவ்வதிகாரிகளுக்கு 'நாணயமாற்று ஈட்டுப்படி' என்ற ஒன்றை வழங்கிற்று. அவர்களுடைய நஷ்டத்தின் ஒரு பகுதியை இந்தியக் கருவூலம் ஏற்றது. காங்கிரஸ் மகாசபை இதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ரூபாய் சரிந்ததால் துன்புற்றவர்கள் கலெக்டர்கள் மட்டுமா? தாமிரபரணிக் கரையில் வரி கட்டிய விவசாயிக்கு எவரும் ஈட்டுப்படி வழங்கவில்லை. ஈட்டுப்படியின் செலவுதான் அவன் தலையில் ஏறிற்று.

ஐ.நா. சபையின் அளவுகோல்

இதே சிக்கலை உலக அளவில் முறைப்படுத்த முயன்றவை பன்னாட்டு நிறுவனங்கள். முதல் உலகப் போருக்குப் பின் தோன்றிய உலக நாடுகள் சங்கத்திற்காக, 1921இல் நோபிள்மேர் என்னும் பிரெஞ்சுக்காரரின் தலைமையில் ஒரு குழு கூடியது. எந்த நாட்டவரும் பணிக்கு வரத் தயங்காதிருக்க, உலகிலேயே அதிகச் சம்பளம் தரும் அரசுப் பணியை அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது அதன் கொள்கை. ஐ.நா. சபையும் அதையே பின்பற்றுகிறது. இன்று அந்த அளவுகோலாக இருப்பது அமெரிக்க மத்திய அரசுப் பணி.

ஆனால் நியூயார்க்கில் பொருந்தும் சம்பளம் நைரோபியிலும் அம்மானிலும் பொருந்துமா? இதற்காக 1957இல் 'பணியிட ஈட்டுப்படி' முறை வந்தது. 1974இல் பொதுச்சபை, 15 உறுப்பினர் கொண்ட பன்னாட்டுக் குடிமைப் பணி ஆணையத்தை நிறுவி, இதை நடத்தும் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்தது. அல்ஜீரியாவைச் சேர்ந்த லார்பி ஜாக்தா 2019இல் இதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

முறையின் சாரம் எளியது. எல்லா ஊர்களுக்கும் பொதுவான ஓர் அடிப்படைச் சம்பளம் உண்டு. நியூயார்க்கை அடிப்படையாக வைத்து, ஒவ்வொரு பணியிடத்தின் விலைவாசியும் அதனோடு ஒப்பிடப்படுகிறது. உணவு, உடை, போக்குவரத்து, வாடகை, மருத்துவக் காப்பீடு என ஒவ்வொன்றும் கணக்கில் சேர்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லா ஊர்களிலும் விரிவான விலை ஆய்வு நடக்கிறது. அதன் முடிவில் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பெருக்கெண் கிடைக்கிறது. பெருக்கெண்ணின் ஒவ்வொரு புள்ளியும் அடிப்படைச் சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்று.

விளக்கத்திற்காக ஒரு கணக்கு. அடிப்படைச் சம்பளம் 4,000 டாலர் என வைத்துக்கொள்வோம். ஓர் ஊரின் பெருக்கெண் 60 எனில், ஈட்டுப்படி 2,400 டாலர், மொத்தம் 6,400. இன்னோர் ஊரின் பெருக்கெண் 30 எனில், ஈட்டுப்படி 1,200, மொத்தம் 5,200. தொகை இரண்டு, ஆனால் இரண்டு ஊர்களிலும் ஏறத்தாழ ஒரே தரமான வாழ்க்கை. அதுதான் நோக்கம். நாணயமாற்று விகிதம் அசையும்போது, இப்பெருக்கெண் மாதந்தோறும் திருத்தப்படுகிறது.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. வாசகர்கள் இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஓர் அலுவலர் தாம் பணிபுரியும் ஊரிலேயே எல்லாப் பணத்தையும் செலவழிப்பதில்லை. ஒரு பகுதி அவ்வூருக்கு வெளியே செலவாகிறது என்பதை இம்முறை ஒப்புக்கொண்டு, வெளியூர்ச் செலவு என ஒரு தனிப்பங்கை ஒதுக்கியிருக்கிறது.

அளவுகோலும் வழக்குமன்றம் ஏறும்

இவ்வளவு நுணுக்கமான முறையும் சண்டைக்கு அப்பாற்பட்டதன்று. 2016இல் நடந்த ஆய்வின்படி ஜெனீவாவுக்குரிய பெருக்கெண் குறைய வேண்டும் என 2017இல் ஆணையம் முடிவு செய்தது. முதலில் வந்த கணக்கின்படி சம்பளத்தில் 7 சதவீதத்திற்கு மேல் குறைவு. எதிர்ப்புக்குப் பின் அது ஏறத்தாழ 5 சதவீதமாகத் தணிந்தது. புள்ளிவிவரமே தவறு என ஊழியர்கள் வாதிட்டனர். 2018இல் வேலைநிறுத்தமும் செய்தனர்.

அதன்பின் நடந்தது விந்தை. 2019 ஜூலையில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் நிர்வாகத் தீர்ப்பாயம், இவ்வாறு குறைக்க ஆணையத்திற்கு அதிகாரமில்லை எனக் கூறி ஊழியர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஐ.நா. சபையின் சொந்தத் தீர்ப்பாயங்களோ குறைப்பு செல்லும் என்றன. 2021இல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. இதனால் ஜெனீவா என்னும் ஒரே நகரில், ஒரே ரொட்டிக்கடையில் வாங்கி உண்ணும் இரு அலுவலர்களுக்கு, நிறுவனம் வேறு என்பதால் இரு வேறு சம்பளம் என்ற நிலை உண்டாயிற்று. 2022 இறுதியில் பொதுச்சபை ஆணையத்தின் விதிகளைத் திருத்தி அதன் அதிகாரத்தை ஐயத்திற்கு இடமின்றி உறுதிப்படுத்தியது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த ஈட்டுப்படி நாடு விட்டு நாடு மாற்றப்படும் உயர் அலுவலர்களுக்கு மட்டுமே. அதே அலுவலகத்தில் கணக்கெழுதுபவரும் வாகனம் ஓட்டுபவரும் உள்ளூரில் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். அவர்களுக்கு அவ்வூரில் நிலவும் நல்ல சம்பளங்களை ஒப்பிட்டு, உள்ளூர் நாணயத்தில் சம்பளம் வகுக்கப்படுகிறது. அந்நாட்டு நாணயம் சரிந்தால் மேசைக்கு இப்புறம் ஒரு நிலை. அப்புறம் ஒரு நிலை.

நம் நாட்டுப் பஞ்சப்படி

நம் நாட்டில் இதற்கு இணையானவை இரண்டு. ஒன்று அகவிலைப்படி, இரண்டாம் உலகப் போர்க்கால விலையேற்றத்தில் பரவிய இதைப் பஞ்சப்படி என்றே மக்கள் அழைத்தனர். மற்றொன்று வீட்டு வாடகைப்படி. முன்னது காலத்திற்கு ஏற்பச் சரிக்கட்டுவது. பின்னது ஊருக்கு ஏற்பச் சரிக்கட்டுவது.

அகவிலைப்படி, தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணைக் கொண்டு ஆண்டுக்கு இருமுறை கணக்கிடப்படுகிறது. 2016ஐ அடிப்படையாகக் கொண்ட வரிசையில் நாடு முழுவதும் 88 மையங்களில், 317 சந்தைகளில் விலை திரட்டப்படுகிறது. 2025 ஜூலைக்குரிய மத்திய அரசின் அகவிலைப்படி 58 சதவீதம். அடிப்படைச் சம்பளம் 30,000 ரூபாய் எனில், அகவிலைப்படி 17,400 ரூபாய். இது சென்னைக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் ஒன்றே.

வாடகைப்படியில்தான் ஊர் பேசுகிறது. ஏழாவது ஊதியக்குழுவின் முறையில் ஊர்கள் மக்கள்தொகையால் மூன்று வகை. 50 லட்சமும் அதற்கு மேலும் முதல் வகை. 5 லட்சம் முதல் 50 லட்சம் வரை இரண்டாம் வகை. ஏனையவை மூன்றாம் வகை. 2024 ஜனவரி முதல் இவற்றுக்கு முறையே 30, 20, 10 சதவீதம். அதே 30,000 ரூபாய்க்காரர் சென்னையில் 9,000 பெறுவார், மதுரையில் 6,000, ஆழ்வார்திருநகரி அஞ்சலகத்தில் 3,000. 2011 கணக்கெடுப்பில் திருநெல்வேலி மாநகரத் தொகுதி 5 லட்சத்தைத் தொட்டும் தொடாமலும் நின்றுவிட்டதால், பாளையங்கோட்டையில் வாடகைக்கு இருப்பவருக்கும் அதே 3,000தான். வீட்டுக்காரர் கேட்கும் வாடகை இரண்டு ஊர்களிலும் ஒன்றா என்று விதி கேட்பதில்லை. தலைகளை எண்ணுகிறது, அவ்வளவே.

சராசரி என்பது இத்தகையது. 2023 டிசம்பர் 17, 18 நாட்களை நம் பகுதி மறவாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரைமீறியது, சாலையும் இரயில் பாதையும் அறுந்தன, ஸ்ரீவைகுண்டத்தில் இரயில் பயணிகள் பல நூறு பேர் சிக்கித் தவித்தனர். அந்நாட்களில் ஓர் உறை பாலும் ஒரு குடம் குடிநீரும் என்ன மதிப்புடையவை என்பதை அங்கிருந்தோர் அறிவர். 88 மையங்களின் சராசரியில் அத்துன்பம் ஒரு புள்ளியாகக்கூடத் தெரிந்திராது.

அரசு ஊழியருக்கும் இப்பாதுகாப்பு முழுமையன்று. பெருந்தொற்றுக் காலத்தில் 2020 ஜனவரி முதல் மூன்று தவணை அகவிலைப்படி உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டு, 2021 ஜூலையில்தான் 17 சதவீதத்திலிருந்து 28 ஆக உயர்ந்தது. ஆயினும் அவர்களுக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது.

சபராளிக்கு யார் கணக்குப் பார்ப்பது?

இப்போது நம் வீட்டுக் கணக்கிற்கு வருவோம். துபாயிலும் ரியாதிலும் தோஹாவிலும் உழைக்கும் நம் சபராளிகளுக்குப் பெருக்கெண் உண்டா? பஞ்சப்படி உண்டா? பெரும்பாலோர்க்கு ஒப்பந்தத்தில் எழுதிய எண்தான் உண்டு.

ரியாதில் மனைவி, இரு குழந்தைகளுடன் வாழும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். சம்பளம் 3,000 ரியால் என்க. 2017 ஜூலையில் சவூதி அரசு, உடன் வாழும் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதித்தது. ஆண்டுதோறும் உயர்ந்து 2020இல் அது 400 ஆயிற்று. மூவருக்கு 1,200 ரியால்; அதாவது சம்பளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. அதே 2020 ஜூலையில் மதிப்புக் கூட்டு வரி 5 சதவீதத்திலிருந்து 15 ஆயிற்று. எண் மாறவில்லை, சம்பளம் மாறிவிட்டது. பல குடும்பங்கள் பெட்டி கட்டிக்கொண்டு ஊர் திரும்பியதன் காரணம் இதுவே.

இனி, ஊருக்கு அனுப்பும் பணம். "உன் வாப்பா ஆயிரம் திர்ஹத்தில் வீடு கட்டினார், தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தார். நீ இருபது வருஷமாக என்ன செய்தாய்?" என்னும் பேச்சு நம் வீடுகளில் கேட்காததன்று. அப்பேச்சு நியாயமா என்று கணக்கைக் கேட்போம்.

திர்ஹம் டாலரோடு கட்டப்பட்ட நாணயம். அதன் டாலர் மதிப்பு மாறுவதே இல்லை எனலாம். 1990இல் ஒரு டாலர் ஏறத்தாழ பதினேழரை ரூபாய். ஆயிரம் திர்ஹம் ஊரில் 4,800 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வந்தது. 2024இல் அதே ஆயிரம் திர்ஹம் ஏறத்தாழ 22,800 ரூபாய். ஐந்து மடங்குக்குச் சற்றுக் குறைவு. மகிழ்ச்சிதான். ஆனால் அதே காலத்தில் நம் நாட்டின் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண், பழைய வரிசைகளையும் புதிய வரிசையையும் இணைத்துக் கணக்கிட்டால், ஏறத்தாழ பத்து மடங்காயிற்று. ரூபாய் ஐந்து மடங்கு. விலை பத்து மடங்கு. வாப்பாவின் ஆயிரம் திர்ஹம் ஊரில் வாங்கிய பொருளில், மகனின் ஆயிரம் திர்ஹம் பாதியைத்தான் வாங்குகிறது. மகன் சோம்பேறியாகிவிடவில்லை, அவன் கையிலுள்ள நாணயம் இளைத்துவிட்டது.

ஐ.நா. அலுவலருக்கு வெளியூர்ச் செலவு ஒரு சிறு பங்கு. நம் சபராளிக்கோ செலவின் பெரும்பங்கே வெளியூர்ச் செலவு. அவர் தம் சோற்றுக்கும் அறை வாடகைக்கும் ஒரு நாட்டு விலை கொடுக்கிறார். பிள்ளையின் பள்ளிக்கும் தாயின் மருந்துக்கும் இன்னொரு நாட்டு விலை கொடுக்கிறார். இரு ஊர் விலையேற்றமும் ஒரே முதுகில் விழுகின்றன.

அரசுகள் ஒன்றுமே செய்யவில்லை எனக் கூறுவதற்கில்லை. கத்தார் 2021 மார்ச்சில் எல்லாத் தொழிலாளர்க்கும் மாதம் 1,000 ரியால் குறைந்தபட்ச ஊதியம் என விதித்தது. முதலாளி தங்குமிடம் தராவிடில் அதற்கு 500, உணவு தராவிடில் 300 கூடுதலாகத் தர வேண்டும். நம் வெளியுறவு அமைச்சகமும் வளைகுடா வேலைகளுக்கு நாடுவாரியாகக் குறைந்தபட்ச ஊதியம் குறித்து வைத்திருக்கிறது. 2020 செப்டம்பரில் பெருந்தொற்றைக் காரணம் காட்டி அதை 30 முதல் 50 சதவீதம் வரை குறைத்தது. தொழிலாளர் நல அமைப்புகள் எதிர்த்தன. வழக்கு தெலங்கானா உயர் நீதிமன்றம் சென்றது. 2021 ஜூலையில் குறைப்பு கைவிடப்பட்டது. ஜெனீவாக்காரர்கள் மட்டுமல்லர், கேட்கத் துணிந்த எவரும் கணக்கைத் திருத்த முடியும் என்பதற்கு இது சான்று.

நாம் செய்யத் தக்கவை

அன்புச் சகோதர சகோதரிகளே! ஆணையம் நமக்கு வராது. ஆனால் அதன் அறிவை நாம் இரவல் வாங்கலாம்.

வெளிநாட்டு வேலைக்கு ஒப்பமிடுமுன், எத்தனை ரியால், எத்தனை திர்ஹம் என்று மட்டும் கேளாதீர்கள். தங்குமிடம் யார் பொறுப்பு? உணவும் மருத்துவமும் யார் பொறுப்பு? குடியிருப்பு அட்டைக் கட்டணம் யார் தலையில்? ஆண்டு உயர்வு எழுத்தில் உண்டா? இவற்றைக் கழித்த பின் மிஞ்சுவதே சம்பளம். அம்மிச்சத்தை ஊரின் அரிசி விலையாலும் பள்ளிக் கட்டணத்தாலும் வகுத்துப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருக்கும் சகோதரர்களே, ஐந்தாண்டுகளுக்கு முன் வீட்டுச் செலவுக்கென நிர்ணயித்த அதே தொகையை இன்றும் அனுப்பிவிட்டு, "பணம் எங்கே போகிறது?" என்று மனைவியிடம் கேட்பது முறையன்று. ஆண்டுக்கு ஒருமுறையேனும் இருவரும் அமர்ந்து இரு ஊர் விலையையும் ஒப்பிட்டுத் தொகையைத் திருத்துங்கள். அதுவே உங்கள் குடும்பத்தின் பஞ்சப்படி.

இறுதியாக, நாமே முதலாளிகளாக இருக்கும் இடங்களை மறந்துவிடலாகாது. நம் கடையில் நிற்கும் பையன், நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண், நம் பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் இமாம், அதிகாலையில் பாங்கொலி எழுப்பும் மோதினார் ஆகியோருடைய ஊதியம் கடைசியாக எந்த ஆண்டு திருத்தப்பட்டது? 1993 மே மாதம் உச்ச நீதிமன்றம், வக்ஃபு பள்ளிவாசல்களின் இமாம்களுக்கு ஊதியம் பெறும் உரிமை உண்டு எனத் தீர்ப்பளித்தது. உரிமை தந்த தீர்ப்புக்குப் பின்னும், அத்தொகை அரிசி விலையோடு சேர்ந்து உயர வேண்டும் என்பதை ஜமாஅத்தின் வருடாந்திரக் கூட்டம்தான் முடிவு செய்ய வேண்டும். குறியீட்டெண் மாதந்தோறும் வெளியாகிறது. அதைப் பார்த்து ஆண்டுக்கு ஒருமுறை ஊதியத்தைத் திருத்துவோம் என ஒரு வரித் தீர்மானம் போதும். இமாம் தம் தேவையை வாய்விட்டுக் கேட்டு நிற்கும் நிலை வராது.

கொத்து அளந்த களத்தில், அறுத்தவர் வீட்டுச் சோற்றின் அளவு மாறாதிருந்தது. இன்று மரக்கால் இல்லை, அறுவடை இயந்திரம் வந்துவிட்டது, கூலி ரூபாயாகிவிட்டது. ஆயினும் உழைத்தவரின் பானை நிறைகிறதா என்று பார்த்துக் கொடுப்பது இன்றும் கொடுப்பவரின் கடமையே.